இருபுரிக் கேபிள் தொப்பி: கையால் பின்னும் முறை

கேபிள் பின்னலைப் பார்ப்பவர்கள் அதைக் கைதேர்ந்தவர்களின் வேலை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, இடம் மாற்றிப் பின்னுவதுதான். ஊசியில் அடுத்தடுத்து நிற்கும் 6 கண்ணிகளில் முதல் மூன்றைத் தனியே நிறுத்திவைத்து, அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, நிறுத்திவைத்தவற்றைப் பிறகு பின்னினால், கயிறு திரிக்கும்போது ஒரு புரி மற்றொன்றின் மேல் ஏறுவது போல அந்த இடம் முறுக்கிக்கொள்கிறது. நிட், பர்ல் என்ற இரு அடிப்படைப் பின்னல்களும் கைவந்து, ஒரு மஃப்ளராவது பின்னி முடித்தவர் இந்தத் தொப்பியைத் துணிந்து தொடங்கலாம்.

இந்த முறுக்குப் பின்னலுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவை அயர்லாந்தின் மேற்குக் கடலில், கால்வே விரிகுடாவின் வாயிலில் கிடக்கும் மூன்று அரன் தீவுகளில் பின்னப்பட்ட ஸ்வெட்டர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் இருந்தது என்றும், கடலில் மூழ்கிய மீனவரை அதை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்றும் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் முறுக்கு ஏறிய இடங்களில் துணி தடித்து, காற்றை உள்ளே பிடித்துவைத்து, நல்ல கதகதப்பைத் தருகிறது என்பது தொப்பியை அணிந்தவுடனே தெரியும்.

நூலாக வொர்ஸ்டட் எனப்படும் நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலை வாங்குங்கள். 100 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும். ஒரு தொப்பிக்கு அது போதும். பல இழைகளை இறுக்கமாக முறுக்கிய, வெளிர் நிறமுள்ள, ஒரே வண்ண நூலில்தான் புரிகள் எடுப்பாகத் தெரியும். கறுப்பிலும் பல வண்ணம் கலந்த நூலிலும் நாம் பட்ட பாடு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பருத்தி நூல் இழுத்தால் திரும்பிச் சுருங்காது என்பதால் இந்த வேலைக்கு ஏற்றதல்ல.

ஊசிகளில் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வட்ட ஊசிகள் இரண்டு வேண்டும்: ஓரப்பட்டைக்கு 4 மில்லிமீட்டர், உடலுக்கு 5 மில்லிமீட்டர். உச்சியில் கண்ணிகள் குறைந்த பிறகு பயன்படுத்த, இருமுனை ஊசிகள் ஒரு செட் 5 மில்லிமீட்டரில் தேவை. கண்ணிகளை நிறுத்திவைக்கும் சிறிய கேபிள் ஊசி, பின்னும் ஊசியைவிடச் சற்று மெல்லியதாக இருந்தால் கண்ணிகள் விரியாமல் இருக்கும்.

அடுத்து மாதிரித் துண்டு. இதைத் தவிர்க்கவே கூடாது என்பதை நான் என் முதல் தொப்பியில் கற்றுக்கொண்டேன். சாதாரண நிட் பின்னலில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்று அளந்து, அந்தக் கணக்கிலேயே 88 கண்ணிகள் ஏற்றினேன். கேபிள்கள் துணியை உள்ளிழுத்ததால் அதே 10 சென்டிமீட்டரில் 22 கண்ணிகள் நின்றன. 49 சென்டிமீட்டர் வர வேண்டிய சுற்றளவு 40க்குச் சுருங்கி, தொப்பி என் தலையில் ஏறவே இல்லை. ஆகவே மாதிரித் துண்டையும் கேபிள் வடிவத்திலேயே பின்ன வேண்டும். 32 கண்ணிகள் ஏற்றி, 12 சென்டிமீட்டர் உயரம் பின்னி, நனைத்து, உலர்ந்த பிறகு அளந்து பாருங்கள். அதன் பின்புற வரிசைகளில் கண்ணிகள் கண்ணுக்குத் தோன்றுகிறபடியே பின்னினால் போதும். 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி வந்தால், 112 கண்ணிகள் 51 சென்டிமீட்டர் சுற்றளவைத் தரும். 56 சென்டிமீட்டர் தலையில் அது இழுபட்டுப் பொருத்தமாக உட்காரும். உங்கள் கை தளர்வானதாக இருந்தால் 96 கண்ணிகள் ஏற்றுங்கள். 104 என்றால் கேபிள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். அப்போது எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்துப் பின்ன வேண்டும்.

4 மில்லிமீட்டர் ஊசியில் 112 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி, வரிசை எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்து வட்டமாக இணைத்து, சுற்றின் தொடக்கத்தில் ஒரு மார்க்கரை (அடையாள வளையத்தை) போடுங்கள். ஓரப்பட்டைக்கு, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப்பை 5 சென்டிமீட்டர் பின்னுங்கள். பிறகு 5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறி, 6 நிட், 2 பர்ல் என்று சுற்று முழுவதும் பின்ன வேண்டும். ரிப்பின் எட்டுக் கண்ணிகளில் நடுவில் இருந்த இரண்டு பர்ல் மட்டும் நிட் ஆக மாறுவதால், பட்டையின் கோடுகள் அப்படியே கேபிளுக்குள் ஏறிப்போவதைக் காண்பீர்கள். எனக்கு இந்தத் தொப்பியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேபிள் 8 சுற்றுகளுக்கு ஒரு முறை திரும்புகிறது. முதல் மூன்று சுற்றுகளை அப்படியே பின்னி, நான்காவதில் திருப்பி, மேலும் நான்கு சுற்றுகளை அப்படியே பின்ன வேண்டும். திருப்பும்போது மூன்று கண்ணிகளைக் கேபிள் ஊசிக்கு மாற்றித் துணிக்கு முன்னால் விட்டால் புரி இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம் சாயும். ஒன்றை முன்னால், அடுத்ததைப் பின்னால் என்று மாற்றி மாற்றித் திருப்பினால், பதினான்கு கேபிள்களும் ஏழு ஜோடிகளாக அமையும். கேபிள் ஊசியைத் தொங்கவிட்டு, நான்காவது கண்ணியைப் பின்னும்போது நூலை ஒரு முறை நன்றாக இழுத்துப் பிடியுங்கள். அந்த மூலையில்தான் ஓட்டை விழும். மற்ற இரண்டையும் வழக்கம்போல் பின்னலாம்.

திசை தவறிய கேபிளைச் சில அங்குலம் மேலே போன பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், தொப்பி முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்த 6 கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டுத் தவறிய சுற்று வரை பிரித்தால், இடையிடையே ஏணிப்படிகள் போல நூல்கள் நிற்கும். கண்ணிகளைச் சரியான வரிசையில் இருமுனை ஊசியில் ஏற்றி, ஒவ்வொரு படி நூலையும் கீழிருந்து மேலாக எடுத்துப் பின்னிக்கொண்டே வாருங்கள். ஈரம் பட்டதும் அந்த இடம் மற்றவற்றோடு சமமாகிவிடும்.

ஓரத்திலிருந்து 17 சென்டிமீட்டர் உயரம் வந்து, திருப்பிய சுற்றுக்குப் பின் நான்கு சுற்றுகளும் முடிந்த இடத்தில் குறைக்கத் தொடங்குங்கள். முதலில் ஒவ்வொரு ஜோடிப் பர்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் 98 கண்ணிகள் நிற்கும். அப்படியே மூன்று சுற்றுகள் பின்னி, மூன்றாவதில் கேபிள்களைத் திருப்புங்கள். அடுத்த சுற்றில் கேபிளின் முதல் இரண்டு கண்ணிகளை இடப்பக்கம் சாய்வாகச் சேர்க்க வேண்டும்: அவற்றை நிட் பின்னுவது போல ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, முன்புறமாக இடது ஊசியை நுழைத்து ஒன்றாகப் பின்னுங்கள். நடுவில் இரண்டு நிட், கடைசி இரண்டையும் ஒன்றாக நிட் பின்னினால் 70. இரண்டு சுற்றுகள் அப்படியே பின்னி, மறுபடியும் அதே இரு குறைப்புகளை நடு நிட் இல்லாமல் செய்தால் 42. ஒரு சுற்று அப்படியே, பிறகு கேபிளின் இரண்டையும் ஒன்றாக்கினால் 28. கடைசி இரு சுற்றுகளில் இரண்டிரண்டாகச் சேர்த்து 14, பின் 7 என்று இறக்குங்கள். கண்ணிகள் வட்ட ஊசியில் எட்டாமல் போகும்போதே இருமுனை ஊசிகளுக்கு மாறிவிட வேண்டும். 20 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டி, தையல் ஊசியால் ஏழு கண்ணிகளுக்குள்ளும் இரு முறை ஓட்டி, இறுக்கி, உட்புறத்தில் முடித்துவிடுங்கள்.

கம்பளியானால் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். ஓரப்பட்டையை இழுத்து விரிக்காமல், உடலுக்குள் மட்டும் ஊதிய பலூன் ஒன்றை வைத்தால் உச்சி உருண்டையாக நிற்கும்.