ஒளி கூடினால் போதுமா? ஒற்றை ஃபோட்டான் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைக்கடத்தியின் ஒற்றையடுக்குப் படலம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் தடிமன் கொண்டது. அதை நுண்ணிய தூண்களின் மேல் விரித்துச் சில கெல்வின் வரை குளிர்வித்தால், வளைந்த இடங்களில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபோட்டானை (ஒளித்துகளை) உமிழும் புள்ளிகள் கிடைக்கின்றன. அருகில் தங்க நானோ அமைப்பை வைத்தால், அதன் பிளாஸ்மான் அலைவு (உலோக எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவது) அந்த உமிழ்வை விரைவுபடுத்தும். இதுவே பர்செல் விளைவு; புள்ளியும் உலோகமும் இப்படி இணைவதைப் பிணைப்பு என்கிறோம்.

பினாங்கில் இத்துறைக்கு வரும் நம் மாணவர்களின் ஆய்வு வரைவுகளைப் படித்துத் தருகிறேன். "தங்கத்தின் மேல் ஒளி பத்து மடங்கு கூடியது; ஆகவே பிணைப்பு ஏற்பட்டுவிட்டது" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த "ஆகவே" எனக்குப் பொறுக்கவில்லை. உலோகம் லேசர் ஒளியைக் குவித்திருக்கலாம். சிதறிப்போகும் ஒளியை லென்ஸின் பக்கம் திருப்பியிருக்கலாம். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, உலோகத்தின் விளிம்பே படலத்தை வளைத்துப் புதிய புள்ளி ஒன்றை உண்டாக்கியிருப்பது. அப்படியானால் வேறிடத்துப் புள்ளியோடு அதை ஒப்பிட்டு என்ன பயன்?

சரி, உமிழ்வின் ஆயுட்காலம் (தூண்டப்பட்ட புள்ளி ஒளியை உமிழ எடுக்கும் சராசரி நேரம்) குறைந்திருக்கிறதே என்பார்கள். உலோகம் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கினாலும் ஆயுட்காலம் குறையும். அதே புள்ளியை, பிணைப்புக்கு முன்பும் பின்பும் அளந்தாக வேண்டும். ஆயுட்காலத்தோடு, லேசரை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் ஏறாத உச்ச உமிழ்வு வீதத்தையும் சேர்த்து. தங்க நானோ கனசதுரங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு அப்படித்தான் முன்பின் ஒப்பிட்டு, 551 வரை பர்செல் காரணியை (உமிழ்வு எத்தனை மடங்கு விரைவானது என்பதை) காட்டியது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த என் அம்மா, முன்னும் பின்னும் அளக்காத எதிலும் கையெழுத்திடமாட்டார்.

படலத்தை உலோகத்தின் மேல் நேரடியாகப் படியவிடாதீர்கள். உலோகம் ஆற்றலை விழுங்காதிருக்க, இடையில் சில நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு வேண்டும். திசையையும் பாருங்கள். இப்புள்ளிகளின் இருமுனை (ஒளியை உமிழும் மின் அலைவு) பெரும்பாலும் படலத்தோடு கிடையாக இருக்கும். நானோத்துகளுக்கும் முகம்பார்க்கும் கண்ணாடிபோன்ற தங்கத் தளத்துக்கும் இடைப்பட்ட மின்புலமோ பெரும்பாலும் செங்குத்தானது; திசை பொருந்தாவிட்டால் பிணைப்பு வலுக்காது. தங்கமும் மங்கலாக ஒளிரும் என்பதால், பின்னணி ஒளியைத் தனியே அளக்காமல் ஒற்றை ஃபோட்டான் தூய்மையை (ஒரு தடவைக்கு ஒன்றுதான் வருகிறதா என்பதை) பற்றிப் பேச வேண்டாம்.

வெள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று: நம் ஊர் ஈரக்காற்றில் அது விரைவில் கறுத்துவிடும். தயாரித்த அன்றே மேலே காப்புப் படலம் இடுங்கள்.