குறைந்த செலவில் வீட்டுப் பாட்டு செட்டை மேம்படுத்துவது எப்படி: கன்னியாகுமரி மாவட்ட வீடுகளுக்கு

நம்ம மாவட்டத்துப் பல வீடுகளில் அமைப்பு ஒன்றுதான்: கையில் போன், ஹாலில் ஒரு 5.1 ஹோம் தியேட்டர் அல்லது கல்ஃபில் இருந்து வந்த பழைய மினி ஹை-ஃபை, நடுவில் ப்ளூடூத். சத்தம் திருப்தியாக இல்லை என்றதும் பலர் முதலில் வாங்குவது ஒரு டேக், அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சிறு கருவி. வரிசைப்படி அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். ஸ்பீக்கர் இருக்கும் இடம், பாட்டு வந்துசேரும் வழி, ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும், அதன் பிறகுதான் டேக். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கினால் ஏழாயிரத்தை ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு செலவில்லாத வேலை. பாட்டு ஆப்பின் அமைப்புகளில் வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் டவுன்லோடுக்கும் தரம் தனித்தனியாக இருக்கும். மூன்றையும் பாருங்கள். டேட்டா சேவரை அணையுங்கள். ஈக்வலைசர் ஆப்பிலும் இருக்கும், போனின் ஒலி அமைப்பிலும் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதியை நார்மலில் வைக்கலாம். ஸ்பாட்டிஃபையில் ‘லவுட்’ மட்டும் வேண்டாம், அதில் உச்ச சத்தத்தை வெட்டும் லிமிட்டர் வேலை செய்து தவில் அடியின் கூர்மையை மழுக்கிவிடும். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 144 எம்பி செலவாகும். சிடி தர லாஸ்லெஸ் (ஒலித் தகவல் எதுவும் இழக்காத தரம்) என்றால் 300 முதல் 450 எம்பி வரை போகும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் அது கட்டுப்படியாகாது. வீட்டில் ஃபைபர் இருந்தால் மட்டும் லாஸ்லெஸ் பக்கம் போங்கள்.

ப்ளூடூத்தை விடவே முடியாது என்றால், ஆண்ட்ராய்டில் ‘அபௌட் போன்’ உள்ளே பில்டு நம்பரை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே ப்ளூடூத் கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, என்ன என்று பார்க்கலாம். எஸ்பிசி என்ற சாதாரண கோடெக் அதிகபட்சம் 328 கேபிபிஎஸ் அளவில் நிற்கும். எல்டாக் என்ற உயர்தரக் கோடெக் 990 வரை போகும், ஆனால் ரிசீவரும் அதை ஆதரிக்க வேண்டும். இடையில் ஒரு சுவர் வந்தாலே 990 விட்டுவிட்டு வரும். 660-ல் வைத்தால் நிலையாக ஓடும். ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ப்ளூடூத்தும் ஒன்றையொன்று இடிக்கும். போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் பாதித் தடங்கல் அங்கேயே தீரும்.

ஸ்பீக்கரை ஷோகேஸிலிருந்து எடுங்கள்

இதற்கு ஈடான மாற்றத்தை எந்தப் பொருளும் தராது. ஷோகேஸின் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் குடத்துக்குள் பேசுவது போலத்தான் ஒலிக்கும். மூன்று பக்கமும் பலகை, முன்னால் கண்ணாடி, எல்லாம் சேர்ந்து அதிரும். வெளியே எடுத்து இரண்டையும் ஒரே உயரத்தில், ட்வீட்டர் (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நீங்கள் உட்காரும்போது காது இருக்கும் மட்டத்தில் வரும்படி வையுங்கள். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் என்றால் நீங்களும் அவற்றிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டரில் உட்கார வேண்டும். பின்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். மூலைக்குள் தள்ளினால் பேஸ் கூடும். ஆனால் எல்லாப் பாட்டிலும் ஒரே ‘தொம்’தான் கேட்கும். இடமில்லாத ஹாலில், பெட்டியின் பின்னால் காற்று வரும் துளை இருந்தால் அதில் ஒரு காலுறையைச் சுருட்டி வைத்துப் பாருங்கள்.

சோதிக்க ஒரு வில்லுப்பாட்டுப் பதிவை விட நல்லது நமக்குக் கிடைக்காது. வில்லில் கட்டிய மணிகள் தனித்தனியாகக் கிணுகிணுக்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சலாகக் கேட்டால் உயர் ஒலியில் குறை. குடத்தின் அடி ஒவ்வொன்றும் முடிந்த பிறகே அடுத்தது தொடங்க வேண்டும். ஒன்றோடொன்று குழைந்தால் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கிறது என்று பொருள். பாடுபவர் குரல் இரு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல் வரவேண்டும். குரல் எங்கே என்றே தெரியாமல் அறை முழுக்கப் பரவினால் ஒரு ஸ்பீக்கரின் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

பழைய ஓட்டுவீட்டில் பிரச்சினை குறைவு. சரிந்த கூரையும் மரமும் ஒலியைச் சிதறடிக்கும். டைல்ஸ் போட்ட வார்ப்பு வீட்டில்தான் சங்கடம். நடு ஹாலில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தடித்த ஜமுக்காளம் அல்லது தும்பு மிதியடியைப் பெரியதாக விரியுங்கள், எதிர்ச்சுவரில் கனமான திரைச்சீலை போடுங்கள். பக்கச்சுவரில் எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி: நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் புத்தக அலமாரியோ மெத்தையோ வரவேண்டும். மழைக்காலத்தில் ஊறும் சுவராக இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு அடியில் நான்கு மென்மையான ரப்பர் துண்டுகள் வைத்தால் மேசை அதிர்வது குறையும். குலசேகரம், அருமனைப் பக்கம் வீட்டில் ரப்பர் ஷீட் இருக்கிறதே என்று அதை வெட்டி வைக்க வேண்டாம். பதப்படுத்தாத ரப்பர் சூட்டில் இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹார்டுவேர் கடை வாஷர் போதும்.

பழைய ஸ்பீக்கர், புது ஆம்ப்

கல்ஃப் செட்டின் ஸ்பீக்கர்களைத் தூக்கிப்போடாதீர்கள். முன் வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையம் மாவாக உதிர்ந்தால் அளவு பார்த்துப் புது வளையம் ஒட்ட வேண்டும். ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் செய்துகொள்ளலாம். ரப்பர் வளையமானால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிளஸ் எது என்று தெரியாவிட்டால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஒரு முனையிலும் மைனஸை மற்ற முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். பழைய செட்டையே ஓட்டுவதானால் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று பார்த்து, 220-240 பக்கம் இருப்பதை உறுதிசெய்த பிறகே பிளக்கில் சொருகுங்கள்.

ஆம்புக்கு டிபிஏ3116 சிப் உள்ள சிறிய கிளாஸ்-டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப் பெட்டி போதும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸை நம்ப வேண்டாம், சக்தி அடாப்டரைப் பொறுத்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது 9 வாட் அளவுதான். 19 வோல்ட்டில் 22, 24 வோல்ட்டில் 36 வரை வரும். இந்தச் சிப் 26 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சும்மா கிடக்கும் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் லேப்டாப் அடாப்டர் நன்றாகவே பொருந்தும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்று மட்டும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

வயருக்குப் பெரிய விலை தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் 5 மீட்டர் ஓடினால் போய்வரும் தடை 0.12 ஓம்தான். செட்டோடு வரும் நூல் போன்ற வயரில் அது ஓர் ஓமை நெருங்கும், பேஸ் தளர்ந்துபோகும். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசியது.

பாட்டை வைஃபையில் கொண்டுவருவது

எளிய வழி, பழைய ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் போட்டு, யுஎஸ்பி டேக் டாங்கிள் வழியாக ஆம்பின் ஆக்ஸில் (வெளிச் சாதனத்துக்கான ஒலி உள்ளீடு) கொடுப்பது. போன் வால்யூமை முழுதாக வைத்து ஆம்பில் கூட்டிக் குறையுங்கள்; ஆம்ப் கரகரத்தால் மட்டும் போனில் சற்று இறக்குங்கள். நாள் முழுக்க சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடும் என்பது இதன் குறை.

நிலையான வழி ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி (சுருக்கமாக ‘பை’), ஒரு பிசிஎம்5102ஏ டேக் போர்டு, 16 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர். கார்டில் மூட் ஆடியோ அல்லது வாலுமியோ என்ற பாட்டு மென்பொருளை ஏற்றுங்கள். போர்டின் விஐஎன்னை பையின் 2-ஆம் பின்னிலும், கிரவுண்டை 6-லும், பிசிகேயை 12-லும், எல்சிகேயை 35-லும், டிஐஎன்னை 40-லும் இணைத்து, போர்டின் ஒலி வெளியீட்டை ஆம்பின் ஆக்ஸில் கொடுக்க வேண்டும். அமைப்பில் ‘ஜெனரிக் ஐ2எஸ் டேக்’ என்று தேர்ந்தெடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராவிட்டால் போர்டின் அடியில் உள்ள நான்கு ஜம்பர்களை (ஈயம் வைத்து இணைக்கும் சிறு புள்ளிகள்) பாருங்கள்: மூன்றாவது எச் பக்கமும் மற்ற மூன்றும் எல் பக்கமும் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதுதான் மியூட்டுக்கானது, அது எல்-இல் இருந்தால் போர்டு ஊமை. போர்டின் எஸ்சிகே முனை கிரவுண்டோடு சேராவிட்டாலும் இரைச்சலோ மௌனமோதான். கரண்ட் திடீரென்று போனால் கார்டு கெடலாம். பையை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.

உறுமல், உப்பு, இடி

‘உம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் எர்த் சுற்றால், அதாவது இரண்டு சாதனங்கள் இரு வழியில் எர்த்தோடு சேர்வதால், வருவது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் காரணம் அதுதான். டிவியை ஆக்ஸில் இணைத்திருந்தால் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் டிவியிலிருந்து ஆப்டிகல் வழி எடுங்கள், அல்லது அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டக்கூடாது, உயிருக்கு ஆபத்து. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரப்பு வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் மாற்றுவதே தீர்வு.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் வயர் நுனி சில மாதங்களிலேயே பச்சை பிடிக்கும். அந்த நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கி இறுக்குங்கள். ஆக்ஸ் முனையையும் ஆர்சிஏ முனைகளையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கர் அவ்வப்போது செத்துப் பிழைப்பதற்குக் கரையோர ஊர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஐப்பசி மாதத்து மாலை இடிக்கு ஸ்பைக் கார்டு போதாது. மேகம் கறுத்ததும் ஆம்ப், ரூட்டர் அடாப்டர், டிவி கேபிள் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியும், அங்கிருந்து டிவிக்கோ கணினிக்கோ லேன் வயர் போனால் அதன் வழியும் வரும்.