பழைய புல்லட்டை வீட்டில் பராமரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து 2010ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை, இரும்பு சிலிண்டர் கொண்ட 350 சிசி புல்லட் எஞ்சினின் அடிப்படை அமைப்பு மாறாமலே இருந்தது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தொலைவு), 346 சிசி, தண்டுகளால் இயங்கும் இரண்டு வால்வுகள் என எளிமையாக அமைந்த அந்த எஞ்சினைப் பொறுமையுள்ள எவரும் சில கருவிகளைக் கொண்டு வீட்டு வாசலிலேயே பராமரிக்க முடியும். ஆனால் அந்த எளிமையை நம்பிப் பலரும் காரணம் அறியாமல் கழற்றிவிடுகிறார்கள். கிளம்பாமல் நிற்கும் பழைய வண்டிகளை ஆராய்ந்தால், வண்டியின் வயதைவிட அவசரமான கைகள் செய்த மாற்றங்களே கோளாறுக்குக் காரணமாக இருப்பதை அடிக்கடி காணலாம்.

எல்லாத் தவறுகளுக்கும் தாயான தவறு, ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவது. வண்டி கிளம்பவில்லை என்றதும் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி, தீப்பொறி வரும் நேரமான டைமிங்கையும் சற்று நகர்த்திப் பார்ப்பவருக்கு, வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பியது என்று தெரியாது. கிளம்பாவிட்டால் முன்பிருந்த ஒரு கோளாறோடு அவரே உண்டாக்கிய இரண்டு கோளாறுகளும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் வந்து சேர்கிறதா, பிளக்கில் தீப்பொறி வருகிறதா, அது உரிய நேரத்தில் வருகிறதா, கிக்கரை மிதிக்கும்போது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எதிர்த்து நிற்கிறதா என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் இருந்த அளவையும் மாற்றிய பின் வைத்த அளவையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது, எந்த விலையுயர்ந்த கருவியையும்விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

பாயின்ட் (மின்னோட்டத்தைத் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனைகள்) பொருத்திய வண்டிகளில் பெரும்பாலான குழப்பங்கள் தீப்பொறியைச் சுற்றியே நிகழ்கின்றன. பாயின்ட் கறுத்துவிட்டது என்று சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படித் தேய்த்தால் முகப்பு மேடுபள்ளமாகி, பில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) காட்டும் இடைவெளி உண்மையான இடைவெளியாக இராது. மிக நுண்ணிய தாளால் லேசாகத் தேய்த்துப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்த பின், எண்ணெய்ப் பசை முற்றிலும் நீங்கும்படி ஒரு சுத்தமான காகிதத்தை இரு முகப்புகளுக்கும் இடையே வைத்து இழுக்க வேண்டும். சுத்தம் செய்த பாயின்ட் சில நாட்களிலேயே மீண்டும் கருகினால், அல்லது எஞ்சின் ஓடும்போது பாயின்ட்டில் நீலப் பொறி பளிச்சென்று தெறித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, பாயின்ட்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சரையே. அதை மாற்றாமல் பாயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை.

இடைவெளிக்கும் டைமிங்குக்கும் உள்ள உறவை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இதைக் கூட்டினால் பாயின்ட் முன்னதாகவே திறக்கும். குறைத்தால் தாமதமாகத் திறக்கும். எனவே முதலில் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே டைமிங்கைப் பார்க்க வேண்டும். டைமிங்கைச் சரியாக வைத்துவிட்டுக் கடைசியில் இடைவெளியைத் தொட்டவர், தாம் செய்த வேலையைத் தாமே கலைத்துவிடுகிறார். வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் ஓய்வு நிலையில் இருக்கும்போது, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியை அடைய 0.8 மி.மீ. இருக்கையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஒரு மெல்லிய காகிதத்தைப் பாயின்ட்டின் இடையே செருகி மெல்ல இழுத்தபடி எஞ்சினைச் சுற்றினால், காகிதம் விடுபடும் கணமே பாயின்ட் திறக்கும் கணம்.

டைமிங் மிகவும் முன்தள்ளி இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பை முறிக்கும் வலு அந்த அடிக்கு உண்டு. டைமிங் சரியாக இருந்தாலும் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று பாராமல் ஓங்கி மிதிப்பவருக்கும் இதே ஆபத்து நேரலாம். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, கம்ப்ரெஷன் தடுக்கும் இடம் வந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்து, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் சிறிது அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வருவது பாயின்ட் திறந்துவிட்டதையும், பிஸ்டன் உச்சியை ஒட்டி இருப்பதையும் காட்டுகிறது. இன்னும் ஒரு நூலளவு தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு கால் முழுவதும் கீழிறங்க ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். வண்டி கிளம்பாத எரிச்சலில் சாவியை அணைக்காமல் நடந்துவிடுவதும் கேடு. பாயின்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் இக்னிஷன் காயிலும் சூடேறும், பேட்டரியும் வடிந்துபோகும்.

வால்வை இயக்கும் அமைப்பின் இடைவெளியைச் சரிசெய்யும் டாப்பெட்டின் ஓசையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. ஓசையே இல்லாத எஞ்சின்தான் நல்ல எஞ்சின் என்று எண்ணி, சூடான எஞ்சினில் ஓசை அடங்கும்வரை டாப்பெட்டை முறுக்குகிறார்கள். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது, வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடு மேலும் கீழும் ஆடாமலும், அதே வேளை விரல்களால் தடையின்றிச் சுழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கிய பின் அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும், ஏனெனில் இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது உண்டு. வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்திக் குளிர்வது, அது முழுதாக மூடியிருக்கும் சிறு நேரத்தில்தான். டாப்பெட் இறுகினால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்து, கம்ப்ரெஷன் போய், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும் வேலையில் முடியும். லேசான டிக் டிக் ஓசை இந்த எஞ்சினுக்கு இயல்பானது.

ஆயில் விஷயத்தில் இந்த வண்டி பிற வண்டிகளிலிருந்து வேறுபடுகிறது. எஞ்சின் உறைக்குள்ளேயே தனி ஆயில் டேங்க் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை அனுப்ப, இன்னொரு பம்ப் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் அறையில் சேரும் ஆயிலைத் திருப்பி எடுக்கிறது. வண்டி பல வாரங்கள் நின்றால் டேங்கிலுள்ள ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது ஆயில் குச்சியைப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆயில் தீர்ந்துவிட்டது என்று அரை லிட்டர் ஊற்றிக் கிளப்பியதும் சைலன்சரில் வெண்புகை மண்டும், எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஆயில் வெளியேறும். உடனே பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் மிதமாக ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவைப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போதும் டேங்கின் வடிகால் போல்ட்டை மட்டும் கழற்றினால், கிராங்க் அறையில் தங்கிய பழைய ஆயில் அங்கேயே நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்துக் கட்டிய பின், ஹெட்டுக்குச் செல்லும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆயில் அங்குவரை ஏறுகிறதா என்று கண்ணால் கண்ட பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

ஆயில் ஒழுகுவதற்கும் இதே போன்ற அவசர மருத்துவம் நடக்கிறது. காற்றை வெளியே மட்டும் விடும் பிரீதர் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, எல்லா இணைப்புகளிலும் ஆயில் தலைகாட்டும். அதைப் பாராமல் கேஸ்கெட் தோறும் சிலிக்கான் பசையைத் தடித்துப் பூசினால், பிதுங்கிய பசை உள்ளே விழுந்து ஆயில் துளைகளை அடைத்துவிடும். வெளியே ஒழுகும் ஆயிலைவிட உள்ளே போய்ச் சேராத ஆயில்தான் எஞ்சினைக் கொல்லும்.

கார்புரேட்டரில் செய்யும் தவறுகளுள் முதன்மையானது, பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் துளையைக் கம்பியாலோ ஊசியாலோ குத்துவது. துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலும் பெட்ரோல் கூடிவிடும்; பிறகு எந்த ஸ்குருவைத் திருகியும் சரிவராது. கார்புரேட்டர் கிளீனரையும் அழுத்தக் காற்றையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு, பழைய ரப்பர் வாஷர்களையும் குழாய்களையும் உப்பவும் வெடிக்கவும் செய்கிறது. எனவே வண்டியைச் சில வாரங்கள் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது நல்லது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் சேர்வதைக் காட்டும்படி பிளக் வெளுத்திருந்தால், உடனே ஜெட்டை மாற்றாமல், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே காற்று கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்பேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் வரையப்பட்ட இந்த வண்டியில் அங்குல அளவு மரைகள் பல இடங்களில் தொடர்ந்தன. காலப்போக்கில் மில்லிமீட்டர் அளவுகளும் கலந்தன. ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பேனரால் திருகினால் நட்டு மழுங்கும். மரை மாறிய போல்ட்டை வலிந்து முறுக்கினால் அலுமினிய உறையின் மரை போய்விடும். கையால் நான்கைந்து சுற்று ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனரை எடுக்கவே கூடாது.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் தவறுகள் வேறு. மைசூரில் தயாரான பழைய ஜாவா, எஸ்டி வண்டிகளுக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். 1985இல் வந்த 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் அதற்குத் தனி பம்ப் உண்டு. இரண்டையும் வைத்திருப்பவர் ஒன்றின் பழக்கத்தில் மற்றொன்றுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றினால், பிஸ்டன் சில கிலோமீட்டரிலேயே பிடித்துக்கொள்ளும்.

டிரம் பிரேக்கைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதும் வழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். அதேபோல், மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் பின்னால் வருந்தச் செய்யும். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் நிலையில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்யலாம். சேஸியிலோ எஞ்சினிலோ பெருமளவு மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடைக்காது. தேய்ந்த கார்புரேட்டராக இருந்தாலும் ஆயில் தடவி, எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றியது என்று எழுதி ஒட்டி, ஒரு பெட்டியில் வைத்திருங்கள்.