மேன் பக்கம் திறக்கவில்லையா? முதலில் பைலின் பெயரைப் பாருங்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் லினக்ஸ் பழக வருவார்கள். அவர்களில் ஒருத்தி, படுவான்கரையில் வேளாண்மை செய்யும் தன் அப்பாவுக்காக, நெல்லை அளக்கும் அவணக் கணக்கைக் கிலோவாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். நிரலின் பெயர் ‘அவணம்’. அதற்கு ஒரு மேன் பக்கமும், அதாவது ‘மேன்’ கட்டளையால் திரையில் படிக்கும் கையேட்டுப் பக்கமும், எழுதியிருந்தாள். பாராட்ட வேண்டிய விஷயம், பெரியவர்களே அதைச் செய்வதில்லை. ஆனால் ‘மேன் அவணம்’ என்று அடித்தால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் வந்தது. “எல்லாம் வெச்சிட்டன் சேர், வருகுதில்லை” என்றாள். அதற்கு முன் பக்கத்தின் உள்ளடக்கத்தை மூன்று தரம் திருத்தி எழுதியிருக்கிறாள்.

உள்ளே ஒரு பிழையும் இல்லை. பிழை பெயரில் இருந்தது. மேன் கட்டளை பக்கத்தைத் திறந்து படித்துத் தேடுவதில்லை. எந்தப் போல்டரில் இருக்கிறது, என்ன பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். எனவே திறக்காத பக்கத்தை எழுத்துத் திருத்தத்தால் திறக்கவைக்க முடியாது.

பெயரின் அமைப்பு இதுதான்: நிரலின் பெயர், ஒரு புள்ளி, பிரிவின் எண். ‘அவணம்.1’. லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற திகதியோடு வந்தபோதே இப்படிப் பிரிவு பிரிவாகத்தான் இருந்தது. இன்றைய லினக்ஸில் 1 பயனர் கட்டளைகளுக்கு, 3 நிரலகச் சார்புகளுக்கு, 5 பைல் வடிவங்களுக்கு, 8 நிர்வாகக் கட்டளைகளுக்கு. அந்த எண்ணுக்கு ஏற்ற போல்டரும் வேண்டும்: ‘அவணம்.1’ இருக்க வேண்டியது ‘மேன்1’ என்ற போல்டரில். ‘மேன்’ போல்டரிலேயே நேராகப் போட்டால் கிடைக்காது. ‘மேன்1’ உள்ளே ‘அவணம்.5’ என்று வைத்தாலும் கிடைக்காது.

அந்தப் பிள்ளை பக்கத்தை விண்டோஸ் நோட்பேடில் எழுதி, பென்ட்ரைவில் கொண்டுவந்திருந்தாள். நோட்பேட் தன் பாட்டுக்கு ‘.டிஎக்ஸ்டி’ என்ற வாலை ஒட்டிவிட்டது. விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் காட்டுகிறது. ஆகவே அவள் கண்ணுக்கு ‘அவணம்.1’, லினக்ஸுக்கு ‘அவணம்.1.டிஎக்ஸ்டி’. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் பிரிவு எண் இல்லாததால் மேன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் பார்த்தவற்றில் அதிகம் நடப்பது இதுதான். லினக்ஸில் பைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ அடித்து முழுப் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரலாம் என்று அனுமதி உள்ள வால், சுருக்கிய பைலுக்கான ‘.ஜிஇஸட்’. அதையும் கையால் ஒட்டாதீர்கள். ஜிஸிப் கட்டளையை ‘அவணம்.1’ மேல் ஓட்டினால் அதுவே ‘அவணம்.1.ஜிஇஸட்’ ஆக்கிவிடும். சுருக்காத பைலுக்குப் பெயரை மட்டும் அப்படி மாற்றினால் அது சுருக்கிய பைல் ஆகிவிடாது. எண்ணை விட்டுவிட்டு ‘அவணம்.ஜிஇஸட்’ என்று வைத்தால் அதுவும் இல்லை.

தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு, நம்மில் இன்னும் பலர் எழுத வேண்டும், ஒன்று சொல்ல வேண்டும். தமிழின் மொழிக் குறியான ‘டிஏ’யைப் பைல் பெயரில் சேர்க்காதீர்கள். ‘அவணம்.டிஏ.1’ என்றால் நிரலின் பெயரே ‘அவணம்.டிஏ’ என்று ஆகிவிடும். மொழி போல்டருக்கு உரியது: ‘மேன்’ உள்ளே ‘டிஏ’, அதனுள்ளே ‘மேன்1’, அங்கே அதே பழைய ‘அவணம்.1’. கணினியின் மொழியமைப்பு தமிழாக இருந்தால் மேன் அதைத்தான் முதலில் எடுக்கும்.

சரி, எந்த ‘மேன்’? நீங்களே எழுதியதை ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/மேன்’ உள்ளே திணிக்காதீர்கள், அது மென்பொருள்களை நிறுவித் தரும் பொதி மேலாளரின் இடம். உங்களுடையது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/மேன்’. கொப்பி பண்ணும்போது அனுமதி 644 ஆக, அதாவது எல்லாரும் படிக்கக்கூடியதாக, இருக்கட்டும். இல்லாவிட்டால் நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குத் திறக்கும் பக்கம் மற்றவர்களுக்குத் திறக்காது.

அப்புறம், மேன் எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ‘மேன்பாத்’ மாறி. தன் வீட்டுப் போல்டரை அதில் எழுதியவுடன் ‘மேன் எல்எஸ்’ கூட வேலை செய்யாமல் போனதாகப் பதறியவர்கள் உண்டு. அந்த மாறிக்கு மதிப்புக் கொடுத்தால், கணினி வழக்கமாகத் தேடும் இடங்கள் எல்லாம் விலகி நீங்கள் எழுதியது மட்டும் நிற்கும். மதிப்பின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, அதாவது ‘:’, போட்டுவிட்டால் வழக்கமான இடங்களும் சேர்ந்துகொள்ளும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் இது பொருந்தும்.

பக்கம் திறக்கிறது, ஆனால் நிரலின் சுருக்க விளக்கத்தைச் சொல்லும் ‘வாட்இஸ்’ கட்டளை காட்டவில்லை என்றால் அது வேறு கதை. வாட்இஸ் ஒரு தரவுத்தளத்தைப் பார்க்கிறது, அதைப் புதுப்பிக்க ‘மேன்டிபி’ ஓட்ட வேண்டும். பக்கம் திறக்க அது தேவையில்லை. ஓட்டியும் வராவிட்டால் பக்கத்தின் உள்ளே இருக்கும் பெயர்ப் பகுதியைப் பாருங்கள். அங்கே நிரலின் பெயர், பின்சாய்கோட்டோடு ஒரு சிறுகோடு, சுருக்க விளக்கம் என்று இருக்க வேண்டும். வேர்ட் போன்றவற்றிலிருந்து ஒட்டும்போது அந்தச் சிறுகோடு நீளக்கோடாக மாறிவிடுவதுண்டு.

எங்கே பிழை என்று பிடிபடாவிட்டால், மேன் கட்டளைக்குச் சிறிய ‘எல்’ தெரிவைக் கொடுத்து பைலை நேரடியாகத் திறந்து பாருங்கள். திறந்தால் உள்ளடக்கம் நல்லது, பெயரிலோ இடத்திலோதான் சிக்கல். மறுகா சிறிய ‘டபிள்யூ’ தெரிவு: பெயர் கொடுக்காமல் அடித்தால் மேன் தேடும் இடங்களைச் சொல்லும், பெயரோடு அடித்தால் எந்தப் பைலை எடுக்கிறது என்று சொல்லும். அந்தப் பிள்ளை வாலை வெட்டிவிட்டு இதைத்தான் அடித்தாள். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/மேன்/மேன்1/அவணம்.1’ என்று ஒற்றை வரி வந்தது.