டைல்ஸுக்குக் காசு கொடுக்குமுன்: லீவில் இலங்கை மலையகம் போகிறவர்களுக்கு

ஹட்டனில் ரயில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே சொந்தத்தில் யாராவது கேட்பார்கள்: "தம்பி, இஸ்தோப்புக்கும் (முன் விறாந்தை) பாத்ரூமுக்கும் டைல்ஸ் போட்டுத் தந்துட்டுப் போப்பா. எல்லா வீட்லயும் போட்டுட்டாங்க." அம்மாவைத் தனியே விட்டுப் போன உறுத்தலில் நமக்கும் மறுக்க வாய் வராது. தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பளபளக்கும் டைல்ஸ் வயதானவர்களின் இடுப்பை உடைக்கும்.

காரணம் எளிது. தென்மேல் மழை பிடித்தால் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஈரக்காலோடுதான் வீட்டுக்குள் வர வேண்டும். மழமழப்பான தரையில் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும்; பாதத்துக்குப் பிடிமானமே இராது. மலிவு என்று சுவருக்குரிய டைல்ஸைத் தரையில் பதித்தால் இன்னும் மோசம். அடுத்தது, பழைய தரைக்கு மேல் சாந்தும் டைல்ஸும் ஏறினால் தரை இரண்டு அங்குலம்வரை உயர்ந்துவிடும். நாற்பது வருசம் ஒரே உயரத்துக்குப் பழகிய கால் வாசற்படியில் இடறும். போட்டே ஆக வேண்டுமென்றால் சொரசொரப்பானதைக் கேளுங்கள். கடையிலேயே தண்ணீர் ஊற்றி, பெருவிரலை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். மழமழவென்று தேய்க்காத சிமெந்துத் தரை எழுபது வயதுக் காலுக்கு எவ்வளவோ மேல்.

அந்தக் காசு போக வேண்டிய இடம் படுக்கைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் உள்ள வழி. ஓர் இரவு, அம்மா எழும்பும் நேரத்துக்கே எழும்பி அவர் பின்னால் நடங்கள். கால்களைவிடக் கையைக் கவனியுங்கள். கதவு நிலையைத் தடவும்; துண்டு போடும் கம்பியைப் பிடிக்கும்; வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்துப் படியில் தண்ணீர்க் குழாயைப் பற்றும். கை போன இடமெல்லாம் சோக்கட்டியால் குறி போடுங்கள். கைப்பிடி வர வேண்டிய இடங்கள் அவைதான்.

ஓர் அங்குல ஜிஐ பைப் போதும். வெளி விட்டம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், விரல்கள் நன்றாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் பைப்புக்கும் 4 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி. கூடினால் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். படிக்குப் பக்கத்தில் 90 சென்டிமீட்டர் உயரம், கடைசிப் படியையும் தாண்டி ஓர் அடி நீட்டி விடுங்கள். கல்லும் மண்சாந்துமான பழைய லயச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சுவரில், ஆணிக்காகத் துளையில் செருகும் ரோல் பிளக் கழன்று வந்துவிடும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள், அல்லது ஒன்றரை அடி குழி தோண்டிக் கொங்கிரீட்டில் தூண் நாட்டச் சொல்லுங்கள். மேசன் பாஸுக்குக் காசு கொடுக்குமுன் உங்கள் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். லயத்தில் எதையாவது இடிப்பதானால் தோட்டத்து ஆபீஸில் வந்த முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லீவு அங்கேயே கரைந்துபோகும்.

படிகளெல்லாம் ஒரே உயரமாக இருக்கட்டும், விளிம்பில் வெள்ளைப் பெயின்ட், பாசிக்குக் கம்பி பிரஷ்.

பிறகு அம்மாவின் மருந்துகள் எழுதிய கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பிரஷர், தூக்கம், மூத்திரப் பிரச்சினை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் எழும்பும்போது தலைசுற்ற வைக்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். எழும்பி நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

விழுந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும். கம்பளியால் போர்த்திவிட்டு 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயம்வரை வண்டி வராது என்றால் தூக்கிப்போகப் பலகையும் நாலு ஆளும் எங்கே கிடைக்கும் என்று இப்போதே பேசி வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். சில வாரம் கழித்து வரும் தலைவலியும் தடுமாற்றமும்கூட அந்த அடியின் விளைவாக இருக்கலாம்.

திரும்பிப் போன பிறகு போனில் "விழுந்தீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், நாம் கவலைப்படுவோம் என்று. "இந்தக் கிழமை எங்கயாவது கால் தடுமாறிச்சா அம்மா, எதப் பிடிச்சீங்க?" என்று கேளுங்கள்.