கூப்பனை நீட்டும் முன், அந்தக் காசை யார் தருகிறார்கள் என்று பாருங்கள்

ஊரிலிருந்து புதிதாக நியூ ஜெர்ஸிக்கு வந்து கூப்பன் (கடையில் விலையைக் கழித்துத் தரும் சீட்டு) வெட்டத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. நாங்கள் வந்த புதிதில் செய்ததும் இவையேதான். காலாவதியான கூப்பனை நீட்டுவது, கூப்பனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். கடையின் கூப்பன் விதியைப் படிக்காததால் வரும் தவறு அப்படியல்ல. ஏன் காசு கழியவில்லை என்றே புரியாமல் வீடு திரும்பி, அடுத்த வாரமும் அதையே செய்வார்கள்.

ஆப்பில் ஒன்று, கையில் ஒன்று

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் கூப்பன் இரண்டு வகை. ஒன்று, பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தருவது. ‘மேனுஃபாக்சரர் கூப்பன்’ என்று மேலேயே அச்சிட்டிருக்கும். கடை நமக்குக் கழித்த தொகையைப் பிறகு அந்தக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும், கையாளும் கூலியாக வழக்கமாக 8 சென்ட் சேர்த்து. மற்றது, கடை தன் லாபத்தில் குறைத்துத் தரும் ஸ்டோர் கூப்பன். ஒரு பொருளுக்கு ஒரு மேனுஃபாக்சரர் கூப்பன்தான் என்பது கிட்டத்தட்ட எல்லாக் கடைக்கும் பொது. அதன் மேல் ஸ்டோர் கூப்பனையும் போடலாமா என்பதுதான் கடைக்குக் கடை மாறும். டார்கெட் போட விடுகிறது. எல்லாக் கடையும் விடாது.

கடை ஆப்பில் தட்டி ஏற்றும் டிஜிட்டல் கூப்பன்களில் பெரும்பாலானவை மேனுஃபாக்சரர் கூப்பன்கள்தான். காகிதத்தில் வந்தாலும் ஃபோனில் வந்தாலும் காசு தருவது ஒரே கம்பெனி. இது தெரியாமல் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து கண்ணில் படுவதையெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒருநாள் கடைக்குப் போயிருந்தேன். துணி துவைக்கும் டிடெர்ஜென்ட், பாட்டில் 12 டாலர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வெட்டிய 3 டாலர் கூப்பன் கையில் இருந்தது. ஆப்பிலும் அதே பாட்டிலுக்கு 1 டாலர் ஏற்றியிருந்தாள். ஃபோன் நம்பரை அடித்ததும் 1 டாலர் கழிந்தது. காகிதத்தை ஸ்கேன் செய்தால் மெஷின் கத்தியது.

“அக்கா, இது இன்னும் எக்ஸ்பயர் ஆகலையே?”

“ஆகலைம்மா. இந்த பாட்டிலுக்கு உள்ள கூப்பன் ஏற்கெனவே போயிடுச்சு.”

கேஷியர் மேல் குற்றமில்லை. ஏற்றிய டிஜிட்டல் கூப்பனைக் கழற்ற பல கடைகளில் வழியே கிடையாது. நம்பர் போடாமல் தனி பில் போட்டால் உறுப்பினருக்கான சேல் விலை போய்விடும். 1 டாலர் வந்து 3 டாலரை அடைத்துக்கொண்டது.

அதனால் காகிதக் கூப்பன்களை முதலில் மேசையில் பரப்பிவிட்டு அப்புறம் ஆப்பைத் திறங்கள். ஒரே பொருளுக்கு இரண்டும் இருந்தால், தொகை பெரிதாக இருப்பது மட்டும் போதும். இரண்டு பாட்டில் வாங்குவதாக இருந்தால் ஒன்றுக்கு ஆப், இன்னொன்றுக்குக் காகிதம் என்று கேட்பது விதிக்கு உட்பட்டதே. மெஷின் அப்போதும் கத்தலாம். பாட்டில் இரண்டு இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டுங்கள்.

பர்ச்சேஸ் வேறு, டிரான்சாக்ஷன் வேறு

கூப்பனில் ‘ஒரு பர்ச்சேஸுக்கு ஒன்று’ என்று இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கூப்பன். நாலு டூத்பேஸ்ட்டுக்கு நாலு நீட்டலாம். ‘ஒரு டிரான்சாக்ஷனுக்கு ஒன்று’ என்றால் மொத்த பில்லுக்கே ஒன்றுதான். ஒரே மாதிரிக் கூப்பன் இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பு கூப்பனிலும் இருக்கலாம், கடை விதியிலும் இருக்கலாம். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும்.

படத்தை நம்புவது

கூப்பனில் உள்ள படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். அளவு, எண்ணிக்கை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வரியை மறப்பது

நியூ ஜெர்ஸியில் ஷாம்புவுக்கு 6.625 சதவீத விற்பனை வரி உண்டு. 5 டாலர் ஷாம்புவுக்கு 2 டாலர் ஸ்டோர் கூப்பன் போட்டால் 3 டாலருக்குத்தான் வரி, அதாவது 20 சென்ட். அதே 2 டாலர் மேனுஃபாக்சரர் கூப்பனாக இருந்தால், கடைக்கு முழு விலையும் வந்து சேர்வதால் 5 டாலருக்கும் வரி, 33 சென்ட். ‘இலவசமாக’ வாங்கிய ஷாம்புவுக்கும் கவுண்டரில் சில்லறை கேட்பது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஸ்கேன் ஆனால் நல்ல கூப்பன் என்று நினைப்பது

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கூப்பன் படங்களைத் தொடவே தொடாதீர்கள். கள்ளக் கூப்பன்களும் மெஷினில் ஸ்கேன் ஆகும். பிறகு கம்பெனி காசு தர மறுக்கும்போது நஷ்டம் கடைக்கு. வர்ஜீனியா பீச்சில் கள்ளக் கூப்பன் அச்சடித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2021இல் 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் கணக்கிட்ட நஷ்டம் 3 கோடி டாலருக்கும் மேல்.

ரிட்டர்ன்

கூப்பன் போட்டு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பெரும்பாலும் நீங்கள் கட்டிய காசு மட்டும்தான் திரும்ப வரும். கூப்பன் வராது.