சின்ன ஃபைல்கள் டிஸ்க் இடத்தை விழுங்குவது எப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஒரு லட்சம் ஃபைல்களைப் போடுகிறீர்கள். ஒவ்வொன்றும் 2 கேபி. கூட்டிப் பார்த்தால் 200 எம்பி கூட வராது. ஆனால் அந்த டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை), விண்டோஸ் தானாகக் காட்டும் அளவை மாற்றாமல் ஃபார்மட் செய்திருந்தால், அந்த ஃபைல்கள் 12 ஜிபிக்கும் மேல் பிடித்துக்கொள்ளும். இதை வைரஸ் என்றோ போலி பென்டிரைவ் என்றோ நினைக்க வேண்டாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு விண்டோஸ் வைக்கும் கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு, 128 கேபி. ஒரு கிளஸ்டரை இரண்டு ஃபைல்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதனால் 2 கேபி ஃபைலுக்கும் முழுசாக 128 கேபி போய்விடுகிறது.

சின்ன ஃபைல்கள் விஷயத்தில் மொத்தம் எத்தனை எம்பி என்று கேட்பதற்கு முன்னால் மொத்தம் எத்தனை ஃபைல் என்று கேட்க வேண்டும். கீழே வரும் தவறுகள் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவைதான்.

விண்டோஸில் ஒரு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு எண்கள் இருக்கும். பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பேக்கப்புக்கு டிரைவ் வாங்குகிறார்கள். உண்மையில் செலவாகும் இடம் இரண்டாவது எண். அதுவும் இப்போது இருக்கும் டிஸ்குக்கு மட்டும்தான் பொருந்தும். வழக்கமாக 4 கேபி கிளஸ்டர் வைக்கும், விண்டோஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து 128 கேபி வைக்கும் எக்ஸ்ஃபேட்டுக்கு அதே ஃபோல்டரை மாற்றினால் கணக்கே வேறு. லினக்ஸில் எல்எஸ் கட்டளை காட்டுவது ஃபைலின் நீளம், டியு கட்டளை காட்டுவது அது டிஸ்கில் பிடித்த இடம்.

மிகச் சின்ன ஃபைல்களை ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பொதுவாக 1 கேபி அளவில் ஒரு பதிவு உண்டு. சுமார் 700 பைட்டுக்குள் அடங்கும் ஃபைல் அந்தப் பதிவுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், தனியாகக் கிளஸ்டர் கேட்காது. லினக்ஸில் உள்ள பிடிஆர்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் 2 கேபி வரை இப்படித் தன் பதிவுகளோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4-லும் இந்த வசதி இருக்கிறது, ஆனால் நாமாகக் கேட்காவிட்டால் பொதுவாக வராது. அங்கே ஒரே ஒரு பைட் எழுதினாலும் 4 கேபி பிளாக் (லினக்ஸில் கிளஸ்டருக்கு இணையானது) ஒன்று போகும்.

அப்புறம், சர்வர் வைத்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் ஐநோட் (ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) பிரச்சினை. டிஸ்கில் பாதி இடம் காலியாக இருக்கும், ஆனால் புது ஃபைல் எழுதப் போனால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும். ஈஎக்ஸ்டி4-ல் ஒவ்வொரு ஃபைலுக்கும், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் ஐநோட் வேண்டும். மொத்தம் எத்தனை ஐநோட் என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபி டிஸ்க் என்றால் ஏறக்குறைய 13 லட்சம். பிஎச்பி செஷன் ஃபைல்கள், மெயில் வரிசை, தள கேச், நீக்காமல் விட்ட பழைய கெர்னல் ஹெடர்கள், ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்குத் திட்டம் குவியும் நோட்.ஜேஎஸ் மாட்யூல்கள் எல்லாம் சேர்ந்தால் இந்த எண்ணிக்கை நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை வெறுமனே அடித்துவிட்டு 'இடம் இருக்கிறதே' என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பது. மைனஸ் ஐ சேர்த்து அடித்தால் ஐநோட் நிலவரம் உடனே தெரிந்துவிடும். எந்த ஃபோல்டர் தின்கிறது என்று பார்க்க டியு கட்டளையோடு மைனஸ் மைனஸ் ஐநோட்ஸ் சேர்த்தால் போதும். அவசரத்தில் பெரிய லாக் ஃபைல் ஒன்றை அழிப்பவர்களும் உண்டு. 5 ஜிபி லாகை அழித்தாலும் திரும்பக் கிடைப்பது ஒரே ஓர் ஐநோட்தான். ஏற்கெனவே ஓடும் ஈஎக்ஸ்டி4-ல் இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் கொஞ்சம் கூடும், இல்லையென்றால் மறுபடி ஃபார்மட். ஆகவே சின்ன ஃபைல்கள் நிறைய வரும் என்று தெரிந்தால் முதலிலேயே 4 கேபிக்கு ஓர் ஐநோட் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது தேவைக்கேற்ப ஐநோட்களை உருவாக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்குப் போங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் நிம்மதியாகத் தோன்றுகிறது.

வீணாகும் இடத்தைப் பார்த்துப் பயந்து பிளாக்கை 1 கேபி, 512 பைட் என்று சுருக்குவது நல்ல யோசனை இல்லை. இன்றைய டிஸ்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 4 கேபி அலகிலேயே எழுதுகின்றன. அதைவிடச் சின்னதாக எழுதச் சொன்னால், பழையதைப் படித்து, திருத்தி, மறுபடி எழுதும் வேலை கூடும். வேகத்துக்காக என்டிஎஃப்எஸ் கிளஸ்டரை 64 கேபி ஆக்குவது எதிர்ப்பக்கத் தவறு. வீடியோ மட்டும் வைக்கும் டிரைவுக்குச் சரி. மற்றபடி சின்ன ஃபைல்கள் இடத்தைத் தின்பதோடு, 4 கேபிக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ்ஸின் வழக்கமான கம்ப்ரஷனும் வேலை செய்யாது.

உண்மையான தீர்வு ஃபைல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் தன் தனித்தனி ஆப்ஜெக்ட்களை அவ்வப்போது ஒரே பேக் ஃபைலாகக் கட்டிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை உருவாக்கியவர்கள் அளந்து பார்த்ததில், 10 கேபி அளவுத் துண்டுகளைத் தனி ஃபைல்களாக வைப்பதைவிட ஒரே டேட்டாபேஸில் வைத்தால் சுமார் 20 சதவீதம் இடம் மிச்சமானது, படிப்பதும் எழுதுவதும் ஏறக்குறைய 35 சதவீதம் வேகமானது. ஆயிரக்கணக்கான சிறுபடங்களை வைத்து ஆப் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

பென்டிரைவுக்குக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான். ஃபைல்களை டார் அல்லது ஜிப்பாகக் கட்டி, கட்டியபடியே வைத்திருங்கள். அங்கே போய்ப் பிரித்தால் ஒவ்வொரு ஃபைலும் மறுபடி தனக்கென்று 128 கேபி கேட்கும்.